ஆணிக்கு வந்த யோகம்

எங்கள் சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் படம் என்பது காசு கொடுத்து வாங்குகிற சாமான் அல்ல. அது தானாக வரும். ஜனவரி பிறந்தால் நகைக்கடைக்காரர் ஒரு லட்சுமியைத் தருவார். உரக்கடைக்காரர் ஒரு முருகனைத் தருவார். வங்கிக்காரர்கள், யார் மனமும் புண்படக் கூடாதே என்று ஒரு நீர்வீழ்ச்சியைத் தருவார்கள். கொஞ்சம் தாராளமானவர்கள் திருப்பதி தேவஸ்தானக் காலண்டரைக் காசு கொடுத்தே வாங்குவார்கள். அதுவும் தேதிக்குக் கொடுத்த காசு. பெருமாள் கூடவே வந்தார் என்பதுதான் வீட்டுக் கணக்கு.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் பெரிய மனிதர்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்தார். அரண்மனைச் சுவரில் இருந்த சரஸ்வதி, ஒண்டுக்குடித்தனத்துச் சுவருக்கும் வந்து சேர்ந்தாள். அப்புறம் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடிக்க, ஆணி இருந்த இடமெல்லாம் தெய்வம் தொங்கியது. புண்ணிய காரியம்தான். ஆனால் படம் என்றாலே இலவசம் என்று நமக்கும் பழகிவிட்டது, சுவருக்கும் பழகிவிட்டது.

அதனால்தான் ஒருவர் கையால் வரைந்த ஓவியம் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், என் மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அதுல தேதி இருக்குமா மாப்பிள்ளை?”

ஓவியம் வாங்க பாரிசுக்குப் போக வேண்டியவர்கள் போகட்டும். திருப்பதியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் காளஹஸ்தி. 2022 ஏப்ரல் வரை எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். ராகு கேது பூஜைக்கு உலகமே அங்கே வருகிறது. பூஜை டிக்கெட் கவுன்ட்டரில் யாராவது “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணப்பர் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த ஊர் அது. அந்த ஊர்த் துணி ஓவியமான கலம்காரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரக்கூட நமக்கு நேரம் இருப்பதில்லை. பரிகாரம் முடிந்தால் பஸ், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, அவ்வளவுதான்.

காளஹஸ்திக் கலம்காரியில் அச்சுக்கட்டை கிடையாது. மசூலிப்பட்டினத்தில்தான் கட்டை. இங்கே எல்லாம் மூங்கில் குச்சி. குச்சியின் முனையைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சுற்றியதைச் சாயத்தில் நனைத்து, விரலால் அழுத்த அழுத்த முனையில் சாயம் இறங்கும். ஒரு காலத்தில் கோயிலுக்கும் தேருக்கும் இப்படித்தான் முழு ராமாயணத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து தொங்கவிட்டார்கள், கீழே தெலுங்கில் கதைக் குறிப்போடு. நடுவில் நலிந்துபோன கலையை கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் 1957இல் தொடங்கிய பயிற்சி மையம் தூக்கி நிறுத்தியது. அந்த ஊர் ஓவியர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வரைவதற்கு முன்னால் துணிக்கு நடக்கிற உபசாரம் இருக்கிறதே, அது மாப்பிள்ளை உபசாரம். முதலில் சாணிக் கரைசலில் ஊற வைத்து வெளுப்பு. பிறகு கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஒரு குளியல். பாலின் கொழுப்பு இல்லையென்றால் மை துணியில் பரவிவிடுமாம். எங்கள் வீட்டில் காபிக்கே பாக்கெட் பால்தான். அங்கே துணிக்குக் கெட்டி எருமைப்பால். கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் முதலில் படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். சாயத்தில் கொதிக்க வைத்தால்தான் சிவப்பு எழும்பி வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். அந்த ஊர்ச் சுவர்ணமுகியோ நினைத்துக்கொண்டால் ஓடுகிற ஆறு.

இவ்வளவையும், மாமனாரோடு நான் தேடிப் போன காளஹஸ்தி ஓவியர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். மாமனார் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பக்தி என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற கணக்கர், மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“துணி ஒரு மீட்டர். பால் அரை லிட்டர்னு வெச்சுக்கோங்க. கடுக்காய், வெல்லம், படிகாரம். துருப்பிடிச்ச இரும்பு சும்மாவே கெடைக்கும். இருநூறு ரூபாய்க்கு மேல போகாதே. நீங்க ஆயிரத்து எண்ணூறு சொல்றீங்க. தக்கிஞ்சண்டி, கொஞ்சம் குறைச்சுக்கோங்க.”

ஓவியர் கோபப்படவில்லை. எல்லைப்புறத்துத் தமிழில் நிதானமாகச் சொன்னார்: “சாமானுக்கு நீங்க போட்ட கணக்கு ரொம்ப சரி சார். மிச்சமெல்லாம் நான்.”

முப்பது வருஷம் பேரேடு எழுதியவருக்கு அந்தப் பதிவை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை. சற்று நேரம் திண்ணைத் தூணைப் பார்த்தார். பிறகு, தோற்றதாகவும் தெரியக் கூடாது என்று, “சரி, பேரெழுதித் தேதி போட்டுக் கொடுங்க” என்றார். ஓவியர் அதே மூங்கில் குச்சியால் மூலையில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். தேதியுள்ள படம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. வம்ச வழக்கம் மீறப்படவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சுவரை அடைக்கிற ராமாயணத்தில் ஆரம்பிக்காதீர்கள். அதில் ஒருவருடைய பல வார உழைப்பு இருக்கும், விலையும் அதற்கு ஏற்றபடி இருக்கும். ஓர் அடிக்கு ஓர் அடி மயில், பிள்ளையார், மரம் எல்லாம் சாதாரணச் சம்பளத்துக்குள் அடங்கும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்துகிற மரபுச் சிற்பக் கல்வி நிலையத்திலும் கலம்காரி கற்பிக்கிறார்கள். இப்போதுதான் தொழிலில் இறங்கிய பிள்ளைகளிடம் வாங்கினால் உங்களுக்கும் கட்டுப்படியாகும், அவர்களுக்கும் அடுத்த துணிக்குப் பால் கிடைக்கும்.

கடைகளில் கலம்காரி என்ற பெயரில் அடுக்கியிருக்கும் பிரின்ட் துணியை வாங்குவதும் பாவமில்லை, பிரின்ட் விலைக்குக் கிடைத்தால். நாற்பது போர்வையிலும் மயிலுக்கு ஒரே இடத்தில் ஒரே இறகு கோணலாக இருந்தால் அது இயந்திரத்தின் கோணல். ஒரே துணியில் இருக்கும் இரண்டு மயில்கள் அண்ணன் தம்பி மாதிரி ஜாடை ஒத்து, மூக்கு மட்டும் வேறாக இருந்தால் அது மனிதக் கை. சந்தேகம் இருந்தால் முகர்ந்து பாருங்கள். புதுக் கலம்காரியில் பால் வாடை கொஞ்சம் தங்கியிருக்கும். கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

படத்தை ஃபிரேம் போடக் கொண்டுபோனோம். அடிக் கணக்கு, கண்ணாடி தனி, பின்பலகை தனி, கொக்கி தனி. மொத்தம் இரண்டாயிரத்து நூறு. படத்தைவிட முந்நூறு அதிகம். திண்ணையில் எருமைப்பாலை அரை லிட்டராக அளந்த மாமனார், இங்கே ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்தார். கேட்டதற்கு, “ஃபிரேம்னா செலவு ஆகத்தான் செய்யும் மாப்பிள்ளை” என்றார்.

நல்ல ஓவியத்தின் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் ஏறும் என்று பெரிய ஊர் கேலரிக்காரர்கள் சொல்வதை நான் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டபோது மாமனார் விலையை மூவாயிரம் என்றார். சம்பந்தி வந்தபோது ஐந்தாயிரம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த அவருடைய பழைய மேலதிகாரியிடம் பன்னிரண்டாயிரம் என்று சொல்லிவிட்டு, “பேரமே பேசல சார், கலைஞர் பாருங்க” என்று சேர்த்துக்கொண்டார்.