தோளைத் தட்டும் கை

"சாதியா? அதெல்லாம் யாருங்க இங்க பாக்குறா?"

2023-இல் கலிஃபோர்னியாவில் எஸ்.பி. 403 மசோதா வந்தபோது நம்மவர் பலர் இப்படித்தான் கண்ணைக் கசக்கினார்கள். சாதி பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதும் மசோதா, அவ்வளவுதான். உடனே மொத்த இந்துக்களையும் கூண்டில் ஏற்றிவிட்டதாகக் கூப்பாடு. திருட்டு குற்றம் என்று எழுதினால் தெருவில் யாருக்கு உடம்பு கூசும்?

இவர்களுக்கு முன்னோடி பகத் சிங் திந்த். பஞ்சாபிலிருந்து போனவர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவ உடுப்பு போட்டவர். குடியேறிய ஆசியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்றிருந்த காலத்தில், தான் ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வழக்காடினார். சீக்கியர்தான், ஆனாலும் கோர்ட்டில் 'உயர்சாதி இந்து'. கல்யாண விஷயத்தில் கறுப்பரை அமெரிக்கர் எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்து தன் நாட்டுப் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்று அவர் தரப்பில் வாதம் வைத்தார்கள். நானும் உன்னைப்போல் மிதிக்கத் தெரிந்தவன், உள்ளே விடு! 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். அப்படி எல்லாம் இழந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கதவு அகலத் திறந்தது 1965-இல். அடியும் நாய்க்கடியும் பட்டு உரிமைக்காகத் தெருவில் நின்றவர்கள் கறுப்பின மக்கள். அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. அந்தக் கதவு வழியாக நாம் கொண்டுபோய் இறக்கிய சரக்கைப் பாருங்கள்.

சனிக்கிழமை விருந்து. ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் புளியோதரை.

"சொந்த ஊர் எது தம்பி?"

"மதுரைங்க."

"மதுரையில எந்தப் பக்கம்?" சொன்னார். போதவில்லை.

"வீட்ல நான்வெஜ் உண்டா?"

அப்புறம் வாஞ்சையாகத் தோளில் ஒரு தட்டு. விரல்கள் இடது தோளிலிருந்து முதுகுக்கு இறங்கி, சட்டைக்கடியில் பூணூல் தட்டுப்படுகிறதா என்று தடவிவிட்டுத் திரும்பும். விமான நிலையத்தில்கூட இப்படித் தடவமாட்டான். தட்டுப்படாவிட்டால் மறுகணமே குரல் மாறும். அடுத்த விருந்துக்கு அழைப்பு வராது.

திந்த் தீர்ப்புக்கு நூறாண்டு முடிந்து இரண்டாம் நாள், சியாட்டில் மாநகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அப்போதும் எதிர்த்து வரிசைகட்டிப் பேசினார்கள் நம்மவர்கள். அன்றைக்குச் சாதியைக் காட்டி உள்ளே விடச் சொன்ன வாய்தான், இன்றைக்கு அப்படியொன்று இல்லவே இல்லை என்கிறது.

கலிஃபோர்னியா மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார். இருக்கிற சட்டங்களே சாதிப் பாகுபாட்டைத் தடுக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். அதாவது, அது இப்போதும் குற்றம்தான். அதையே தங்கள் வெற்றி என்று கொண்டாடினார்கள் புத்திசாலிகள். கொண்டாடிய கையோடு மகனுக்கு வரன் தேடத் திருமண இணையதளத்தைத் திறப்பார்கள். சாதி என்றால் என்னவென்றே தெரியாத அந்த அப்பாவிகள், உட்பிரிவையும் கோத்திரத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் நிரப்புவார்கள்.