துரைமார் செய்த இயற்கை

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துரைமாருக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்தது: நேர்க்கோடு அசிங்கம். பிரெஞ்சு ராஜா வெர்சாயில் அளவுகோல் பிடித்துச் செடி வளர்க்கட்டும், நம் தோட்டம் இயற்கையாக இருக்க வேண்டும். இயற்கைக்கு என்ன செலவு, சும்மா விட்டால் தானாக வளர்கிறது என்பீர்கள். துரைமாரைப் பற்றி உங்களுக்குத் தெரியவில்லை.

இதற்கென்றே அவதரித்தவர் தோட்ட வடிவமைப்பாளர் லான்சலாட் பிரவுன். எந்தப் பண்ணைக்குப் போனாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இடத்துக்கு நல்ல 'கேப்பபிலிட்டி' (மேம்படுத்த வாய்ப்பு) இருக்கிறது என்பார். முதலாளியிடம் பணம் இருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் 'கேப்பபிலிட்டி பிரவுன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிளென்ஹைம் மாளிகையில் ஒரு சின்ன ஓடைக்குமேல் உள்ளே அறைகளெல்லாம் வைத்து முன்பே பிரம்மாண்டப் பாலம் கட்டியிருந்தார்கள். பாலத்துக்கு ஏற்ற தண்ணீர் இல்லை. பிரவுன் அணை போட்டு ஓடையை ஏரியாக்கினார். பாலத்துக்கு மரியாதை வந்தது, கீழ் அறைகளுக்குள் தண்ணீர் வந்தது.

1782இல் எழுத்தாளர் ஹன்னா மோரிடம் தன் வேலையை அவர் இலக்கணப் பாடமாகவே நடத்தியிருக்கிறார். இங்கே காற்புள்ளி, அங்கே முக்காற்புள்ளி, பார்வையை மறிக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி, பிறகு முற்றுப்புள்ளி.

அந்த முற்றுப்புள்ளி சில சமயம் ஊர் தலையிலேயே விழும். டார்செட்டில் மில்டன் பிரபுவுக்குத் தன் மாளிகை வாசலில் ஓர் ஊர் இருப்பது கண்ணை உறுத்தியது. 1770களில் ஊரையே இடிக்கத் தொடங்கி, பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்கில் ஒரே மாதிரிக் கூரை வீடுகளைக் கட்டி ஜனங்களை அங்கே தள்ளினார். ஒரு வக்கீல் மட்டும் நகர மாட்டேன் என்றார். பிரபு குளத்து மதகைத் திறந்து வக்கீல் வீட்டுக்குள் தண்ணீர் விட்டார். ஆனால் வக்கீலிடமா? வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார்.

மனிதர்கள் போனார்கள், ஆடுமாடுகள் வேண்டும். தூரத்தில் மேய்ந்தால் அழகு, கிட்டே வந்தால் சாணி. வேலி போட்டால் இயற்கை கெட்டுவிடும். ஆகவே ஆழமாகப் பள்ளம் வெட்டி, வீட்டுப் பக்கம் மட்டும் சுவர் எழுப்பினார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெயர் 'ஹா-ஹா'. நடந்து வந்தவர்கள் பள்ளத்தைத் திடீரென்று கண்டு போட்ட சத்தம்தான் அது என்கிறார் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல். உள்ளே விழுந்தவர்கள் போட்ட சத்தம் அகராதியில் ஏறவில்லை.

இத்தனைக்கும் பிறகு தோட்டத்தில் ஏதோ குறைந்தது: சாமியார். பெயின்ஸ்ஹில் தோட்டத்துக்காரர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஒரு குடில் கட்டி, சம்பளத்துக்குத் துறவி தேடினாராம். ஏழு வருஷம் முடி, நகம் வெட்டக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது, கடைசி வரை தாக்குப்பிடித்தால்தான் பணம். வந்தவர் மூன்றே வாரத்தில் மதுக்கடையில் பிடிபட்டார் என்பது கதை.

கவிஞர் ரிச்சர்ட் ஓவன் கேம்பிரிட்ஜுக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது: பிரவுனுக்கு முன்னால் தான் செத்துவிட வேண்டும், அவர் கை வைப்பதற்குள் சொர்க்கத்தைப் பார்த்துவிட வேண்டும். கொடுத்து வைக்கவில்லை. பிரவுன் 1783இல் போய்ச் சேர்ந்தார், கவிஞர் 1802இல். நடுவில் 19 வருஷம். அதற்குள் பிரவுன் அங்கே எத்தனை தேவர்களைக் குடிபெயர்த்தாரோ!