பெயரில் மட்டும் 'போதும்'

இரண்டாம் உலகப் போர் முடிந்து சிகாகோவில் இயற்பியல் படிக்கப் போன ஜான் குட்எனஃபிடம், இந்த வயதிலா தொடங்குவது என்று ஒரு பேராசிரியர் கேட்டாராம். அப்போது வயது இருபத்துச் சொச்சம்.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் குழு லித்தியம் பேட்டரிக்கான கோபால்ட் ஆக்சைடு மின்முனையைக் கண்டறிந்தது. காப்புரிமை வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனமில்லை. 1991இல் சோனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்டுபிடித்தவருக்கு ராயல்டி பூஜ்யம்.

இடையில் 65 வயது நெருங்க, கட்டாய ஓய்வு விதி எட்டிப் பார்த்தது. மனிதர் 1986இல் டெக்சாஸுக்குப் பெட்டி கட்டினார்.

2019இல், 97 வயதில், வேதியியல் நோபல்! ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி உயர்வு தரும் படிவங்களில், '39 ஆண்டு பொறுக்கவும்' என்ற கட்டம் மட்டும் இன்னும் ஏறவில்லை.