சத்தம் போடாத ஆமை

2020 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் ஒரு கிழவரைக் கொண்டாடித் தீர்த்தன. வயது நூறுக்கு மேல், எடை 80 கிலோ, பிள்ளைகள் சுமார் 800. பெயர் டியேகோ. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் எஸ்பானியோலா என்ற தீவின் ராட்சத ஆமை. அழியவிருந்த குலத்தை ஒற்றை ஆளாக மீட்ட மன்மதன் என்று எழுதினார்கள். நம்மூராக இருந்தால் கட் அவுட் வைத்துப் பாலாபிஷேகம் நடந்திருக்கும்.

ஒரு சின்னச் சிக்கல். குலத்தில் பாதிக்கு மேல் அவர் பிள்ளைகளே இல்லை.

இருங்கள், கிழவரை அப்புறம் கவனிப்போம். வேலையை ஒருத்தர் பார்க்க, பெயரை இன்னொருத்தர் தட்டிக்கொண்டு போவது கலாபகோஸில் டியேகோவோடு ஆரம்பித்ததல்ல. பிள்ளையார் சுழி போட்டவர் சாட்சாத் சார்லஸ் டார்வின்.

1835 செப்டம்பரில் பீகிள் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 26 வயது. பின்னாளில் உலகத்தையே தலைகீழாக யோசிக்க வைக்கப்போகும் மூளை. அது தீவில் இறங்கி என்ன செய்தது? ஆமை மேல் ஏறி உட்கார்ந்தது. சத்தியமாக! ஓட்டின் பின்பக்கம் நாலு தட்டுத் தட்டினால் ஆமை எழுந்து நடக்கும், விழாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். ஸ்பீடும் கணக்கெடுத்தார்: பத்து நிமிஷத்துக்கு 60 கஜம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓ.எம்.ஆரில் கார் ஓட்டியவர்களுக்கு இது ஒன்றும் மோசமாகத் தெரியாது.

சவாரி முடிந்தால் சாப்பாடு. குட்டி ஆமை சூப் பிரமாதம், மற்றபடி கறி சுமார் என்பது டார்வின் கொடுத்த ரிவ்யூ. இதற்கிடையே தீவுகளின் துணை ஆளுநர் நிக்கோலஸ் லாசன், ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன் என்றார். மாமனார் பேசும் அரசியலை மாப்பிள்ளை கேட்பதுபோல டார்வின் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சின் அருமை உறைத்தது கப்பல் கிளம்பிய பிறகு. சரி, ஓடுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அவையெல்லாம் எங்கே? கறியைத் தின்றுவிட்டுக் கடலில் வீசியாயிற்று. பரிணாமக் கொள்கையின் முக்கிய சாட்சி ஜீரணமாகிவிட்டார். லாசன் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அதேதான்.

டார்வினை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. தீனி, தண்ணீர் இல்லாமல் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடப்பது அந்த ஆமைகளின் பெருமை. அதுவே எமனாகிவிட்டது. கரண்ட் வேண்டாத ஃப்ரிட்ஜ் கிடைத்தால் கப்பல்காரன் விடுவானா? கடற்கொள்ளையர்களும் திமிங்கிலம் பிடிக்க வந்தவர்களும் ஒரு லட்சத்துக்கும் மேல் அள்ளிப்போனதாக மதிப்பிடுகிறார்கள். போதாக்குறைக்கு, அடுத்த தடவை வரும்போது மட்டன் இருக்கட்டுமே என்று ஆடுகளை இறக்கிவிடுவது வேறு. பின்டா தீவில் 1959-ல் மீனவர்கள் விட்டது மூன்றே மூன்று ஆடு. அவை பல்லாயிரமாகித் தீவை மொட்டையடித்தன. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பாள் என் பாட்டி. ஆமைப் பாட்டிகளிடம் இதே பழமொழிக்கு வேறு வெர்ஷன் இருக்கும்.

எஸ்பானியோலாவில் கடைசியாக மிஞ்சியவை 14. பெண் 12, ஆண் 2. தீவில் ஆளுக்கொரு மூலையில் கிடந்ததால் ஒன்றை ஒன்று சந்திக்கவே வழியில்லை. 1963 முதல் 1974 வரை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, சாந்தா குரூஸ் தீவில் டார்வின் பெயரிலேயே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். (சூப் குடித்தவர் பெயரில் ஆமைக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?) மாப்பிள்ளைப் பஞ்சம். அப்போதுதான் அமெரிக்காவில், சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் இதே குலத்து ஆண் ஒன்று பல வருஷமாக செட்டிலாகி இருப்பது தெரியவந்தது. 1970-களின் பிற்பகுதியில் வந்து இறங்கினார் நம் டியேகோ. என்.ஆர்.ஐ. மாப்பிள்ளை!

முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தார்கள். 28 டிகிரி என்றால் பெரும்பாலும் பையன், 29.5 என்றால் பெண். பெண்தான் கூடுதலாக வேண்டும் என்று சூட்டை ஏற்றினார்கள். பெண் குழந்தை வேண்டுமென்று இவ்வளவு மெனக்கெட்ட குடும்பத்தை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

குஞ்சுகளை ஓடு கெட்டிப்படும்வரை நாலைந்து வருஷம் வளர்த்துத் தீவில் விட்டார்கள். ஆனால் வீட்டில் அரிசி இல்லாமல் பிள்ளைகளை அனுப்பி என்ன பிரயோஜனம்? 1978-க்குள் எஸ்பானியோலாவின் ஆடுகள் மொத்தமும் தீர்த்துக்கட்டப்பட்டன. பிற்பாடு சப்பாத்திக்கள்ளியையும் நட்டார்கள். எஸ்பானியோலா ஆமையின் ஓடு கழுத்துப் பக்கம் சேணம்போல வளைந்து தூக்கியிருக்கும். எட்டாத கள்ளியைக் கழுத்தை நீட்டிக் கடிக்கத்தான் அந்த டிசைன். சண்டை வந்தால் கடி, உதை கம்மி. யார் தலை உயரத்தில் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். நம் மேடைகளிலும் ஏறக்குறைய இதே விதிதான்.

அதே நிலையத்தில் இன்னொரு சூப்பர் ஸ்டார் இருந்தார்: பின்டா தீவின் கடைசி ஆமை, ‘தனிமை’ ஜார்ஜ். 1971-ல் அவரைக் கண்டுபிடித்தவர் நத்தை தேடிப்போன ஹங்கேரிய விஞ்ஞானி. பின்டா பெண் ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்தால் 10,000 டாலர் என்றெல்லாம் அறிவித்தார்கள். கிடைக்கவில்லை. 1990-களில் இசபெல்லா தீவிலிருந்து இரண்டு பெண்களைப் பார்த்துக் கூட விட்டார்கள். ஜார்ஜ் சாமியார்போல உட்கார்ந்திருந்தார். 2008-ல் முட்டை வந்தது, குஞ்சு வரவில்லை. ஜார்ஜுக்கு ரத்த சொந்தம் எஸ்பானியோலா குலம்தான் என்று அதற்கு முன்பே மரபணு ஜாதகம் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களை அழைத்து வந்ததோ 2011-ல். 2012 ஜூன் 24-ல் ஜார்ஜ் காலமானார். வாழ்நாளில் ஒரு வாரிசுகூட இல்லை. ஆனால் உடல் பாடம் செய்யப்பட்டு நியூயார்க் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. சும்மா இருப்பதே சுகம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இப்போது டியேகோ. குஞ்சுகளுக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பார்த்தால், அவர் கணக்கில் வந்தது சுமார் 40 சதவீதம். மூன்றாவது ஆணின் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். மிச்சம் 60 சதவீதம்? இ-5 என்ற ஆமையுடையது. பெயர்கூட இல்லை, ரயில் பெட்டி மாதிரி ஒரு நம்பர். டியேகோ எதைச் செய்தாலும் ஆர்ப்பாட்டம். காதல் சமாச்சாரத்தில் சத்தம் எட்டு ஊருக்குக் கேட்கும். கேமராக்கள் அந்தப் பக்கமே திரும்பின. இ-5 கூச்ச சுபாவம். யாரும் பார்க்காத நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் கீரை மேயப் போய்விடுவார். உங்கள் ஆபீசில் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறவர் யார், அந்த ஸ்லைடைத் தயாரித்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

எஸ்பானியோலாவில் ஆமைகள் சுமார் 2,000 ஆனதும் திட்டத்தை மூடினார்கள். 2020 ஜூனில் மூன்று ஆண், பன்னிரண்டு பெண் என 15 பேருக்கும் பிரிவு உபசாரம். கிளம்புமுன் தனிமைப்படுத்தல் உண்டு. கோவிட்டுக்காக அல்ல; வயிற்றில் இருக்கும் வெளித்தீவுச் செடிகளின் விதைகள் எல்லாம் வெளியேற வேண்டும் என்பதற்காக. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதத்தில் இவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். படகில் ஏற்றி, கரையிலிருந்து கள்ளிக்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்கள்.

‘டியேகோ வீடு திரும்பினார்’ என்று செய்தி வந்தது. கூடவே 14 ஆமைகளும் என்று கீழே ஒரு வரி. அந்த 14-ல் ஒருவர், ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, பக்கத்தில் இருந்த கள்ளியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருப்பார். பத்து நிமிஷத்துக்கு 60 கஜம்.