படிவப் பிரியர்

பாடம் நடத்துகிறவர் வந்தாரோ இல்லையோ, நம் பயிற்சி அதிகாரியின் கக்கத்தில் கருத்துப் படிவக் கட்டு மட்டும் தவறாமல் வந்துவிடும். சாப்பாட்டு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில், சாம்பார் வாசனை தாழ்வாரம் வரை வந்து, தொழிலாளிகளின் சித்தமெல்லாம் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்ட அந்தச் சுபமுகூர்த்தத்தில்தான் அவர் அதை விநியோகிப்பார். 'மிக நன்று' தொடங்கி 'மிக மோசம்' ஈறாக உள்ள ஐந்து கட்டங்களில், பாதிப்பேர் கேள்வியைப் படிக்காமலே முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு ஓடுவார்கள். மறுநாள் அவற்றைக் கூட்டி வகுத்து, இரண்டு தசம ஸ்தானம் வரை சராசரி கண்டு, வர்ணப் படம் வரைந்து, முதலாளியிடம் சமர்ப்பிக்கையில் அவர் முகத்தில் தோன்றும் தேஜஸை வர்ணிக்க எனக்குச் சக்தி இல்லை.

லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932-இல் ஐந்து படி அளவுகோலை வகுத்தது மனிதருடைய மனப்பான்மையை அறிவதற்காக; மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிகிறதா என்று அறிவதற்காக அல்ல. கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல் தொடங்கி எழுதிய கட்டுரைகளில், பயிற்சி பிடித்ததா, கற்றது என்ன, வேலையில் அது தெரிகிறதா, ஸ்தாபனத்துக்கு என்ன பலன் என்று நான்கு படிகளைக் காட்டினார். நம்மவரோ, சத்திரத்துத் திண்ணையில் துண்டு விரித்த யாத்திரிகரைப் போல, முதற்படியிலேயே தங்கிவிட்டார்.

"சார், ஒரு நடை பட்டறைக்குப் போய், தொழிலாளி அளவெடுப்பதைக் கண்ணால் பார்க்கலாமே?" என்றால், "பார்த்தால் அபிப்பிராயம்தான் வரும், நமக்கு வேண்டியது டேட்டா" என்பார். ஃபோர்மேனைக் கேட்கலாமே என்று சொன்னேன். ஃபோர்மேனுக்கென்று தனிப் படிவம் தயாராகிவிட்டது.

மனிதர் நல்லவர். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் கிழவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, குடும்ப க்ஷேமம் விசாரித்து, தாமே பூர்த்தி செய்துகொடுக்கும் தயாளர். அப்படித்தான் ஒரு பெரியவர், "பாடம் புரிஞ்சுது சாமி, அளக்கிற மேசையிலே டியூப்லைட் அணைஞ்சு கிடக்கு, கோடு கண்ணுக்குத் தெரியலே" என்று சொன்னார். வகுப்பு முழுவதிலும் கிடைத்த ஒரே உண்மைத் தகவல் அது. இவர் மனம் உருகக் கேட்டார். விளக்குக்குக் கட்டம் இல்லாமையால் 'நன்று' என்பதில் டிக் போட்டார்.

விளக்கை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. அளவு பிசகிய உருப்படிகள் கழிவுப் பெட்டியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. குற்றம் பெரியவர் தலையில் ஏறி, அவரை மறுபடியும் அதே வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். படிவத்தில் அந்த வகுப்புத்தானே முதலிடம்!