கணுக்காலோடு நிற்கும் கௌரவம்

ஆண்கள் காலணி வாங்குவது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. "இதே மாடல்ல எட்டு இருக்கா?" இருந்தால் பில், இல்லாவிட்டால் அடுத்த கடை. அப்படிப்பட்ட மனிதரும் கணுக்கால் பூட்ஸ் வாங்கக் கிளம்பினால் ஆளே மாறிவிடுகிறார். கண்ணாடி முன் பக்கவாட்டில் நிற்கிறார். பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறார், இறக்கிப் பார்க்கிறார். பட்டுப்புடவைக் கடையில் தன் கணவர் எத்தனை முறை கைக்கடிகாரம் பார்த்தார் என்ற பழைய கணக்கை, கூட வந்த மனைவி அங்கேயே தீர்த்துக்கொள்கிறார்.

இத்தனைக்கும் இந்த பூட்ஸ் பிறந்ததே அலட்டிக்கொள்ள நேரமில்லாதவர்களுக்காக. விக்டோரியா மகாராணிக்குக் காலணி செய்து கொடுத்த ஸ்பார்க்ஸ்-ஹால் என்ற லண்டன்காரர், பொத்தானும் லேஸும் வைத்துக் கட்டி மாளாத பூட்ஸுக்கு ஒரு விடிவு தேடினார். இரண்டு பக்கமும் இழுபடும் துணி வைத்தால் காலை நுழைத்துவிட்டு நடையைக் கட்டலாமே! யோசனை நன்றாகத்தான் இருந்தது. ரப்பர்தான் காலை வாரியது. அன்றைய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் வித்தையைக் கண்டுபிடித்த பிறகுதான் உருப்படியான எலாஸ்டிக் கிடைத்தது. மகாராணியே தினமும் இதில் நடக்கிறார் என்று ஸ்பார்க்ஸ்-ஹால் பெருமையாக எழுதி வைத்தார். ஆக, இன்று ஆண்மையின் அடையாளமாக விளம்பரங்களில் விறைத்து நிற்கும் செல்சி பூட்ஸ் முதலில் பேர் வாங்கியது ஒரு பெண்மணியின் காலில்.

குட்இயருக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? கடன். 1860இல் இறக்கும்போதும் அது தீரவில்லை. இன்று உலகம் முழுக்க ஓடும் டயருக்கு அவர் பேரை வைத்த கம்பெனி 1898இல் வந்தது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மகன் சார்ல்ஸ் குட்இயர் ஜூனியர் மட்டும் காலணித் தொழிலில் பேரை நிறுத்தினார். மேல்தோலையும் அடிப்பாகத்தையும் ஒரு தோல் பட்டையால் சேர்த்துத் தைக்கும் 'குட்இயர் வெல்ட்' முறை அவர் எந்திரத்தால் வந்த பேர்தான். நல்ல செல்சி பூட்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தால் பக்கவாட்டு எலாஸ்டிக்கில் அப்பா, அடித்தையலில் மகன்.

கடையில் பார்க்க வேண்டியதும் அந்தத் தையலைத்தான். தைத்த சோல் தேய்ந்தால் பிரித்துப் புதுசு போடலாம். ஒட்டிய சோல் பிளந்தால் பெரும்பாலும் பூட்ஸுக்கே கருமாதி. சில கம்பெனிகள் ஒட்டிவிட்டு, விளிம்பில் அலங்காரத்துக்குப் பொய்த்தையல் ஓட்டுகின்றன. அதையும் நம்பிக் காசு கொடுப்பவர்கள் உண்டு. செல்சியில் இழுத்துக் கட்ட லேஸ் கிடையாது என்பதால் பாதத்தின் மேல்பகுதி பிடித்து நிற்க வேண்டும். பாதம் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய்ப் போட்டுப் பார்ப்பது உத்தமம். போட்டதும் எலாஸ்டிக் வாயைப் பிளந்தால் அது உங்களுக்கான பூட்ஸ் இல்லை, விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

1961இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் லண்டனில் நாடகக்காரர்களுக்கும் நடனக்காரர்களுக்கும் காலணி செய்யும் அனெல்லோ அண்ட் டேவிடே கடையில் செல்சி பூட்ஸைப் பார்த்து மயங்கினார்கள். உயரமான ஹீலும் கூர்மூக்கும் வைத்து அது 'பீட்டில்ஸ் பூட்ஸ்' ஆனது. அந்தக் கூர்மூக்கை நாற்பது வயதுக்கு மேல் மாட்ட, குறைந்தபட்சம் ஒரு கிதாராவது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் தாழ்மையான கருத்து.

லேஸ் விரும்பிகளுக்கு டெஸர்ட் பூட்ஸ். இங்கிலாந்தின் ஸ்ட்ரீட் என்ற ஊரில் 1825இல் தொழில் தொடங்கிக் காலணிக்குப் பேர் வாங்கிய கிளார்க் குடும்பத்தின் பிள்ளை நேதன், இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனார். பாலைவனத்தில் சண்டையிட்டுத் திரும்பிய அதிகாரிகள், கெய்ரோ கடைத்தெருவில் செய்து வாங்கிய ஸ்வேட் பூட்ஸைப் போட்டு உலாவுவது கண்ணில் பட்டது. மெத்தென்ற தோல், 'கிரேப்' என்னும் ரப்பர் சோல், இரண்டே ஜோடி லேஸ் துளை. வரைந்து ஊருக்கு அனுப்பினார். குடும்பம் அசைந்து கொடுக்கவில்லை. 1949இல் சிகாகோ காலணிக் கண்காட்சியில் அமெரிக்கர்கள் கொண்டாடிய பிறகுதான் அது பிழைத்தது. போட்டுக்கொள்ள இதைவிடச் சுகமான பூட்ஸ் இல்லை. ஆனால் அந்த கிரேப் சோல் தெருவின் அழுக்கையெல்லாம் சுவீகாரம் எடுத்துக்கொள்ளும். ஈரமான டைல்ஸ் தரையில் முதலாளியைக் கைவிட்டுவிடும்.

நம்மூர் ஆட்களுக்கு இன்னொரு சங்கடம். பெங்களூர் நெடுஞ்சாலையில் பிரியாணிக்காக ஆம்பூரில் வண்டியை நிறுத்துபவர்களில் எத்தனை பேருக்கு, பக்கத்திலேயே ஐரோப்பியக் கம்பெனிகளுக்காகத் தோல் காலணிகள் பெட்டி பெட்டியாகத் தயாராவது தெரியும்? அதே மாதிரி ஒரு ஜோடியை லண்டனில் பவுண்டு கொடுத்து வாங்கி, "ஃபாரின் சரக்கு மாப்ளே" என்று காட்டுபவர் பெட்டியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலிருப்பது நல்லது.

கறுப்புத் தோல் செல்சி சூட்டுக்கு ஒத்துப்போகும். ஜீன்ஸுக்குப் பழுப்பு ஸ்வேட். நிறத்தைவிடப் பெரிய பஞ்சாயத்து பேன்ட்டின் விளிம்பில்தான். தொளதொளவென்று இறங்கினால் பூட்ஸ் போட்டதே தெரியாது. பூட்ஸுக்குள் திணித்தால் நாடகத்துச் சிப்பாய். குழாய் ஒடுங்கி, விளிம்பு பூட்ஸின் மேல்புறத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இதைத் தெருமுனைத் தையற்காரரிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "கணுக்கால் தெரியுமே சார், பரவாயில்லையா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு, வெட்டச் சொன்ன துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைத்துத் தருவார்.

"இருக்கட்டும் சார். அடுத்த வருஷம் ஃபேஷன் மாறினா இறக்கிக்கலாம்."