ஆயிரம் குஞ்சைக் கொன்ற அரை வைத்தியன் சொல்கிறேன்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. தொட்டியைப் பார்த்தாலே மனசு லேசாகிறது என்பவர்கள் முதல் வகை. அவர்கள் தொட்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு எழுந்துபோய்த் தண்ணீரை மோந்து பார்க்கும் நாங்கள் இரண்டாம் வகை. எங்களிலும் முற்றியவர்கள்தான் துறவி நண்டின் குஞ்சுகளை வளர்க்கப் புறப்படுகிறார்கள். மூன்று முறை புறப்பட்ட அனுபவத்தில் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதல் யோசனை: வேண்டாம்.

இதற்குப் பிறகும் படிக்கிறவர்களுக்கு இரண்டாவது யோசனை: பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். பள்ளிப் பாடத்தில் கடல் சாமந்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியுமே, அதே நண்டுதான். துறவி என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் வாடகை வீட்டில் இருந்ததே இல்லை போலிருக்கிறது. காலிச் சங்கு ஒன்று கிடந்தால் போதும், நுழைந்து அளவு பார்க்கும். காலியில்லை என்றால் குடியிருப்பவரின் சுவரைத் தன் சங்கால் இடித்து இடித்தே வெளியேற்றும். பெரிய சங்கு ஒன்று கரை ஒதுங்கினால், பெரியது முதல் சிறியது வரை வரிசையில் நின்று, முன்னவர் காலி செய்ததும் பின்னவர் குடியேறும். பத்து மாத அட்வான்ஸ் கேட்காத ஒரே வீட்டுச் சந்தை அதுதான்.

அடுத்து, அம்மா நண்டு வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டிய இடம் சங்குக்குள் இருக்கிறது. அது நமக்காக வெளியே வந்து நிற்காது. கொளத்தூரில் நான் வாங்கப் போனபோது கடைப் பையன் அறிவியலைச் சுருக்கமாக முடித்துவிட்டான்: “அஞ்சா எடுத்துக்குங்க சார், ஒண்ணாவது பொண்ணா இருக்கும்.” எடுத்துக்கொண்டேன். ராமேஸ்வரம் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார், அவர் பிடித்துத் தருவார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நண்டு எண்ணப் போய்க் கம்பி எண்ண வேண்டாம்.

பெண் நண்டு முட்டைகளை வயிற்றின் இடப்பக்கத்தில், சங்குக்குள்ளேயே கொத்தாகச் சுமக்கும். அவ்வப்போது பாதி உடம்பை வெளியே நீட்டி முட்டைக்குக் காற்று, மன்னிக்கவும், தண்ணீர் காட்டும். அப்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் கருஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் கொத்து நாளாக ஆக வெளுத்து, ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளி தெரியும். கண்கள். அன்றிலிருந்து நீங்கள் தூங்க வேண்டாம். குஞ்சு வெளிவருவது பெரும்பாலும் ராத்திரியில்தான்.

என் வீட்டில் அது 11 மணிக்கு நடந்தது. நண்டு சங்கிலிருந்து எம்பி உடம்பை உதறியது. ஒரு புகை போனது. தூசி என்றுதான் நினைத்தேன். கைபேசி டார்ச்சைத் தொட்டியின் மூலையில் பிடித்ததும் அந்தத் தூசி அத்தனையும் திரும்பி, மழை விட்ட மாலையில் தெருவிளக்குக்கு வரும் ஈசல்போல வெளிச்சத்துக்கு வந்து மொய்த்தது. இதைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மோட்டார், வடிகட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மூலையில் டார்ச்சை நிறுத்தி, கூடிய குஞ்சுகளைக் காற்றுக் குழாயால் உறிஞ்சி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் விடிவதற்குள் பாதி வடிகட்டிக்குள் போகும், மீதி மீன்களுக்கும் பவளத்துக்கும் சாப்பாடாகும். மறுநாள் கடைப் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். “அதெல்லாம் ஃபீட் சார், பவளத்துக்கு நல்லது” என்றான். அவன் சொன்னதில் ஞானம் இருந்தது. அன்று எனக்கு உறைக்கவில்லை.

இந்தத் தூசிக்கு சோயியா என்று பெயர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: கண்ணாடியில் செய்த காற்புள்ளி, அதற்கு உடம்புக்குப் பொருந்தாத இரண்டு பெரிய கண், நெற்றியில் ஈட்டி, பின்னால் விசிறிவால். நண்டின் சாயல் துளியும் கிடையாது. 1802இல் போஸ்க் என்ற பிரெஞ்சுக்காரர் நண்டு வகைக் குஞ்சு ஒன்றைப் பார்த்து, தனி உயிரினம் என்று நம்பி சூட்டிய பெயர் அது. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் இருந்த ராணுவ மருத்துவர் ஜான் வான் தாம்சன், இது நண்டின் பிள்ளைதான் என்று 1828இல் எழுதினார். கற்றறிந்தவர்கள் பல வருஷம் அதை ஏற்கவில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. என் மாமியார் இன்றுவரை ஏற்கவில்லை.

“மாப்பிள்ளை, இது எப்போ குழம்புக்கு ஆகும்?” என்றுதான் முதலில் கேட்டார். ஆகாது என்றேன். “அப்ப எதுக்கு?” என்றார். இந்தக் கேள்விக்கு இந்தக் கையேட்டில் பதில் இல்லை.

இனி பாத்திரம். சோயியா தரையில் விழுந்தால் செத்தது, சுவரில் மோதினாலும் நசுங்கியது. தண்ணீர் உருண்டுகொண்டே இருக்க வேண்டும், அதுவும் மெதுவாக. இதற்காகவே 1968இல் கிரேவே என்ற ஜெர்மானியர் வட்டச் சுழல் தொட்டி ஒன்றை வடிவமைத்தார். ஜெல்லி மீன் காட்சியகங்களில் இன்றும் அதன் வாரிசுகள் ஓடுகின்றன. நமக்கு அவ்வளவு வசதி ஏது? 20 லிட்டர் தண்ணீர் கேனின் அடியை அறுத்து, கவிழ்த்துவைத்து, மூடிப் பக்கமாக மெல்லிய காற்றுக் குழாயை விட்டால் குமிழி ஏறும், தண்ணீர் உருளும். ஒரு நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி போதும். அதிகம் வைத்தால் இடியாப்பம் பிழிந்த மாதிரி ஆகிவிடும். கேனுக்குக் கொடுத்த டெபாசிட் திரும்பி வராது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தண்ணீருக்கு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. உடனே கல்லுப்பு மூட்டையைத் தேடாதீர்கள். “தூத்துக்குடி உப்பும் கடல் உப்புதானே” என்று நானும் வாதாடியவன். உப்பளத்தில் உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. சாம்பாருக்கு அது நல்லது, சோயியாவுக்கு ஆகாது. தொட்டிக்கென்று விற்கும் உப்புதான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். முக்கியமாக, உடம்புக்கு நல்லது என்று இப்போது வீட்டுக்கு வீடு செம்புக் குடம் வந்திருக்கிறதே, அதில் பிடித்த தண்ணீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதுகெலும்பு இல்லாத ஜீவன்களுக்குத் துளி செம்பும் நஞ்சு. என் முதல் நானூறு குஞ்சு போனது அப்படித்தான். குடத்தை வாங்கியவன் நானே என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

சாப்பாடுதான் பெரிய அத்தியாயம். சோயியா பிறந்த நாளிலிருந்து உயிரோடு நீந்தும் இரை கேட்கும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டை சிறு பாக்கெட்டில் கிடைக்கும். பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்து வருவது. மரக்காணம் வழியில் இருக்கும் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் கிலோ கிலோவாக வாங்கும் அதே பழுப்புத் தூள். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக மாட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி (இதற்குக் கல்லுப்பே போதும்), கால் ஸ்பூன் முட்டை போட்டு, காற்று கொதிக்கக் கொதிக்க விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு கீழே இறங்கும். அதை வடித்துக் கொடுக்க வேண்டும். பொரிந்து சில மணி நேரத்துக்குள் கொடுங்கள், நேரமானால் வயிற்றிலிருக்கும் மஞ்சள் கரு கரைந்து சத்து போய்விடும். அதனால் இன்றைக்கு ஒரு பாட்டில், நாளைக்கு ஒரு பாட்டில் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இட்லி மாவுக்கு ஊறவைப்பது மாதிரிதான். ஒரு நாள் மறந்தால் மறுநாள் வீடே பட்டினி.

வடிகட்ட டிகாஷன் ஃபில்டரைத் தொடாதீர்கள். குடும்ப அமைதிக்காகச் சொல்லவில்லை, அதன் துளை பெரியது; அரை மில்லிமீட்டர்க் குஞ்சு நழுவிவிடும். நல்ல நூல் வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டியா என்று இருமுறை பாருங்கள்.

ஆர்ட்டீமியா மட்டும் போதுமா என்றால் போதாது. அதில் சில கொழுப்பு அமிலங்கள் குறைவு. முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போவதுபோல் இருக்கும்; கடைசியாகத் தோலுரிக்கும்போது பாதி உரித்த சட்டையோடு செத்துக் கிடக்கும். நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைப் பாசியும், அதைத் தின்னும் ரோட்டிஃபரும் வளர்க்க வேண்டும். நண்டுக்கு ரோட்டிஃபர், ரோட்டிஃபருக்குப் பாசி, பாசிக்கு உரம், விளக்கு. என் பால்கனியில் அப்போது ஒன்பது பாட்டில் தொங்கியது. “ஏங்க, இது வீடா ஆஸ்பத்திரியா?” என்று ஒரு நாள் கேட்டாள் என் மனைவி. கேட்டுவிட்டு ரோட்டிஃபர் பாட்டிலைத் தானே குலுக்கிவிட்டுப் போனாள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

குஞ்சுகள் ஒன்றையொன்று பிடித்துத் தின்னும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரை குறைந்தால் கூடப்பிறந்ததுதான் இரை. தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, இங்க் ஃபில்லரால் உயிரோடிருப்பதைப் புது நீருக்குத் தூக்கிப் போட வேண்டும். ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே தூக்குங்கள். முந்நூற்றுப் பத்து, நூற்று நாற்பது, தொண்ணூறு என்று நோட்டில் எழுதிவந்தேன்.

இரண்டாவது ஈட்டில் தொண்ணூறு வரை வந்தவன், மறுநாள் காலை பூஜ்யத்துக்கு எழுந்தேன். தண்ணீரும் சரி, உப்பும் சரி. மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது: முந்தின ராத்திரி கொசு தாங்காமல் திரவக் கொசுவிரட்டியைச் செருகியிருந்தேன். பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு நண்டும் பூச்சியின் உறவுதான். காற்று பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. ஆகவே சென்னைவாசிகள் டெங்குவா சோயியாவா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வலைக்குள் படுப்பது நடுவழி. பராமரிப்புக்காக மின்சாரம் போகும் நாளுக்கு பேட்டரி பம்ப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோயியா பெரும்பாலும் நான்கு கட்டம். இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை ஆகலாம். அதன் பிறகு மெகலோபா. கையும் இடுக்கியும் முளைத்து, தரையில் இறங்கி, வீடு தேடும் பருவம். எள் அளவு உருவத்துக்கு எள் அளவுச் சங்கு எங்கே கிடைக்கும்? பெசன்ட் நகர் மணலைச் சலித்து, பன்னிரண்டு குட்டிச் சங்குகளைக் கொதிக்கவைத்து அடுக்கினேன். வலம்புரி ஆசை வேண்டாம். நேராக நீந்தும் குஞ்சு நண்டாகும்போது அதன் வயிறு வலப்பக்கம் சுருண்டு வளைகிறது. அது பொருந்துவது நாம் இடம்புரி என்று அழைக்கும் சாதாரணச் சங்கின் சுழலுக்குத்தான். லட்ச ரூபாய் வலம்புரியின் சுழல் அதற்கு நேர் எதிர்.

மூன்றாவது ஈட்டில் எனக்கு ஒரே ஒரு மெகலோபா வந்தது. இரண்டு நாள் நீந்தியது. மூன்றாம் நாள் என் பன்னிரண்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, ஒன்றில் கையை விட்டு ஆழம் அளந்து, திரும்பி வந்தது. கடைசியில், தொட்டியில் தானாகப் பெருகி, நான் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த நத்தை ஒன்றின் காலி ஓட்டுக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டது. ராத்திரி எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “குட்டியா இருக்கு, பாவம்” என்றார். மறுநாள் தண்ணீர் மாற்றியபின் அதைக் காணவில்லை.

அம்மா நண்டு மறுபடியும் முட்டையோடு இருக்கிறது. கொத்தில் இன்னும் கண் தெரியவில்லை, ஒரு வாரமாவது இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது இரண்டு லிட்டர் குளிர்பானம் குடித்தால் தயவுசெய்து பாட்டிலை நசுக்காமல் வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.